விதோசாவின் மீசையும் ஏழு ஸ்பீக்கரும்

லெஸ்கோவாத்ஸ் ஊர்ச் சந்தையில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த விதோசாவுக்கு மீசைதான் விலாசம். கடை எங்கே என்று யாராவது கேட்டால், அதோ அந்த மீசைக்காரன் கடை என்று கை காட்டிவிடுவார்கள். துணியைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. மீசை மட்டும் இரண்டு பக்கமும் எண்ணெய் குடித்து, நுனி மேல்நோக்கித் திரும்பி, வாடிக்கையாளர் விலை குறைத்துக் கேட்கும்போது ஒரு முறை நெளிந்து காட்டும். பாதிப் பேர் அதைப் பார்த்தே கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த மீசையைத்தான் போன வருஷம் புனித நிக்கோலா நாளில், வீடு நிறைய விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பந்தயத்தில் வைத்தான்.

நிக்கோலா அவர்கள் குடும்பத்தின் புனிதர். அந்த நாள்தான் அந்த வீட்டு ஸ்லாவா, குடும்பத் திருநாள். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, எல்லோரும் வந்துவிடுவார்கள். வீட்டுக்காரன் அன்று முழுக்க உட்காரக் கூடாது. அடுப்படிக் கதவோரம் நின்றபடி காலியான கிளாஸ் எது, வெறுந்தட்டு எது என்று பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்துத்தான் ஸ்வெஸ்தான் வாயைத் திறந்தான். ஸ்வெஸ்தான், விதோசாவின் மனைவி ஸ்தாமென்காவின் தம்பி. வியன்னாவில் குளியலறை ஓடு வியாபாரம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, ஊரில் எல்லாம் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று கணக்கெடுத்துவிட்டுப் போவான். அன்று டிவியில் கால்பந்து ஓடியது. சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. வியன்னா வீட்டில் தன்னைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர் இருப்பதாகவும், ஆட்டம் பார்த்தால் பின்வரிசைக்காரன் இருமுவது பிடரியில் படும் என்றும் அவன் சொன்னான். மீன் முள்ளைத் துப்பியபடியே சொன்னான். அதுதான் விதோசாவுக்குத் தாங்கவில்லை.

"அடுத்த நிக்கோலாவுக்கு என் மேசையில உட்கார்ற எவனுக்கும் ரசிகர் கூச்சல் முதுகுக்குப் பின்னால கேக்கும்," என்றான் விதோசாவ், கையில் ராக்கியாச் சாராயப் பாட்டிலோடு. "கேக்கலேன்னா இந்த மீசைய இங்கயே, இவங்க எல்லார் முன்னாலயும் வழிச்சுக்கறேன்."

"கத்தி நான் கொண்டு வர்றேன் மச்சான்," என்றான் ஸ்வெஸ்தான். "உள்ளூர்க் கத்தி அதுக்குத் தாங்காது."

வருஷம் பூராவும் ஆளாளுக்கு அதையே கேட்டார்கள். சந்தையில் மிளகாய் விற்கிறவன்கூட, மீசைக்கு இன்னும் எத்தனை மாசம் என்று விசாரித்தான். இலையுதிர் காலத்தில் விதோசாவ் ஸ்பீக்கர்களும் அவற்றை ஓட்டும் ரிசீவர் பெட்டியும் வாங்கப் போனான். கடைக்காரனை மதியம்வரை உட்காரவிடாமல் பேரம் பேசினான். வீட்டுக்கு ஆள் அனுப்பி எல்லாவற்றையும் மாட்டிக் கொடுப்பது விலையிலேயே சேர்ந்தது என்றான் கடைக்காரன். ஆள் வேண்டாம், அதற்குப் பதில் கம்பியை இனாமாகக் கொடு என்றான் விதோசாவ். அந்த ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எவனும் தன் வீட்டுக் குழாயையும் கூரையையும் தானே பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொண்டதன் லட்சணம் மழை பெய்தால் தெரியும். கடைக்காரன் ஒரு சுருள் கம்பியை எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு சந்தோஷமாக ஏன் கொடுக்கிறான் என்று விதோசாவ் யோசிக்கவில்லை.

கறுப்புப் பெட்டி வந்து கூடத்து மேசைமேல் உட்கார்ந்தது. வந்த அன்றே ஸ்தாமென்கா அதன் தலையில் தன் கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணியைப் போர்த்தினாள். அந்த வீட்டில் தலையில் லேஸ் இல்லாத பெட்டி கிடையாது. பெட்டி சூடேறித் தானே அணைந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று விதோசாவ் ஒரு நாள் முழுக்க ஏசினான். பிறகு துணியை எடுத்தார்கள், பெட்டி ஓடியது. கடைக்காரனை ஏசியதை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியின் முதுகில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே அது எதற்கு என்று எழுதியிருந்தது. விதோசாவ் அதைப் படிக்கவில்லை. கம்பி உள்ளே போகிறதா, போகிறது, அவ்வளவுதானே என்பது அவன் கட்சி. சேட்டிலைட் பெட்டியின் கம்பி குட்டை. எது பக்கமோ அதில் குத்தினான், அது டிஸ்க் பிளேயருக்கான இடம். டிஸ்க் பிளேயரைக் கொண்டுபோய் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் இடத்தில் செருகினான். மகன் நோவி சாத் நகரத்துக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி, மிச்சமிருந்த ஓட்டையில் போனது. இறந்துபோன அப்பா ப்ரோகோபியேவின் கிராமபோனும் இருந்தது. அதற்கென்று தனியாக இரண்டு வட்டத் துளைகளும் ஒரு திருகும் விட்டிருந்தார்கள். திருகில் கட்ட வேண்டிய மெல்லிய கம்பி எதற்கென்று புரியாமல் அதை வெட்டி எறிந்தான். அன்றிலிருந்து அப்பாவின் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு குளவி ரீங்காரம் இட்டது.

டிவியிலிருந்து ரிசீவருக்குச் சத்தம் திரும்பி வர ஒரே ஒரு ஓட்டைதான் உண்டு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரம் முயன்று பார்த்தான். கடைசியில் தற்செயலாக அதில் குத்தி, சத்தம் வந்ததும், நான் அப்போதே சொன்னேனே என்றான். அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இப்படியாக, கால்பந்து பார்க்க ரிமோட்டில் டிஸ்க் பொத்தானை அமுக்க வேண்டும். டிஸ்க் பார்க்க விளையாட்டை அமுக்க வேண்டும். எந்தப் பொத்தானில் எது ஒளிந்திருக்கிறது என்பது விதோசாவ் தலைக்குள் மட்டும் இருந்தது. ஸ்தாமென்கா தன் தொடரைப் பார்க்க அவன் கடையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"மனுஷா, இருபத்தாறு வருஷம் இந்த வீட்டுல டிவிய நானே போட்டுக்கிட்டேன்," என்றாள் ஒரு நாள். "இப்ப அனுமதி வாங்கணும் போல."

கடைசி வேலை, அளவெடுப்பு. பெட்டியோடு சின்னதாக ஒரு மைக் வந்திருந்தது. கேட்கிறவன் காது இருக்கும் இடத்தில் அதை வைத்துப் பொத்தானை அமுக்கினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறைவைத்து ஒரு தரம் கூவும். எது கிட்டே, எது தூரம் என்று பெட்டி தானே கண்டுபிடித்துச் சத்தத்தை நிரவிக்கொள்ளும். விளக்கப் படத்தில் ஒருவன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விதோசாவ் அவனைப் பார்த்து முகம் சுளித்தான். ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காருவானா? பெட்டி வாங்கியது யார்? மீசை யாருடையது? அவன் மைக்கை ஒரு நூலில் கட்டி, அடுப்படிக் கதவு நிலையில், தான் நிற்கும் இடத்தில், தன் காது உயரத்துக்குத் தொங்கவிட்டான். பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் அந்தக் கதவுக்கு இரு புறமும்தான் இருந்தன. இவை காதை ஒட்டி நிற்கின்றன என்று பெட்டி அவற்றை அடக்கி, தூரத்தில் இருந்த முன்பக்கத்து ஸ்பீக்கர்களை உசுப்பிவிட்டது. விதோசாவ் கதவோரம் நின்று கேட்டான். மைதானத்தின் நடுவில் நிற்பது போல இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டான். வீட்டின் வேறெந்த மூலையிலும் அவன் போய் நிற்கவில்லை, உட்காரவும் இல்லை.

நிக்கோலா நாள் வந்தது. காலையில் பாதிரியார் வந்து அப்பத்தை வெட்டி ஆசீர்வதித்துவிட்டு, அதே தெருவில் இன்னும் பல வீட்டு நிக்கோலாக்கள் காத்திருப்பதால் அவசரமாகப் போனார். விரத நாள் என்பதால் மேசையில் மீன், வேகவைத்துச் சுட்ட பீன்ஸ், மிளகாய்த் துவையல். ராக்கியாவுக்கு விரதம் இல்லை. ஸ்வெஸ்தான் கம்பளிக் கோட்டோடு வந்து, சவரக் கத்தியை உறையோடு எடுத்து உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் கத்தியை ஒரு முறையும் மீசையை ஒரு முறையும் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. விதோசாவ் கதவோரம் போய் நின்று டிஸ்க் பொத்தானை அமுக்கினான். அவனுக்குச் சொர்க்கம் திறந்தது. மேசையில் இருந்தவர்களுக்கோ வர்ணனைக்காரன் மூஞ்சியில் வந்து கத்தினான். கிளாஸ்கள் நடுங்கின. முதுகுப் பக்கம் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை.

ஸ்வெஸ்தான் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தான். "ரசிகருங்க எங்க மச்சான்? டிக்கெட் கெடைக்கலயா?"

மேசை குலுங்கிச் சிரித்தது. விதோசாவுக்குப் புரியவில்லை. அவன் காதில் ரசிகர்கள் இரண்டு பக்கமும் முழங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கூடிப் பேசிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறார்கள் என்றே முதலில் நினைத்தான். இங்கே வந்து நின்று கேள் என்று மச்சானைக் கூப்பிட்டான்.

"பந்தயம் உட்கார்றவனுக்கு," என்றான் ஸ்வெஸ்தான். "நின்னு கேக்கணும்னா நான் மைதானத்துக்கே போயிருப்பேனே."

உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் அன்றைக்கு அவன் உட்காரக் கூடாது. குனிந்து, முட்டியை மடக்கி, நாற்காலியைத் தொடாமல், இரண்டு விருந்தாளிகளுக்கு நடுவில் தலையை நீட்டிக் கேட்டான். அப்போதுதான் விஷயம் விளங்கியது. மீன் தட்டோடு வந்த ஸ்தாமென்கா, அந்தக் கோலத்தில் கணவனைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

இடைவேளையில் மறுபடி அளவெடுப்பது என்று முடிவு செய்தான். ஸ்வெஸ்தானும் பெருந்தன்மையாகச் சம்மதித்தான், ஆட்டம் முடிகிறவரைக்கும் மீசை உயிரோடு இருக்கட்டும் என்று. மைக் ஒரு ராக்கியா பாட்டிலின் கழுத்தில் கட்டப்பட்டு மேசை நடுவில், உட்கார்ந்தவர் காது உயரத்தில் நின்றது. டிவித் திரையில் ஒரு வரி வந்தது: அறையில் அமைதி தேவை.

அந்தப் பெட்டியைச் செய்தவன் எந்த நாட்டானோ, அவன் ஒரு ஸ்லாவாவுக்கும் வந்ததில்லை. விதோசாவ் கையெடுத்துக் கேட்டுக்கொண்டான். எல்லோரும் வாயை மூடினார்கள். முதல் கூவல் எழுந்ததும், ஆரம்பிச்சாச்சா என்று ஒருவர் கேட்டார். பேசாதே என்று நாலு பேர் அவரை அதட்டினார்கள். சத்தம் அதிகம், மீண்டும் முயல்க என்றது திரை. இரண்டாவது முறை ஒருவருக்கு இருமல். அடுத்த முறை, இருமியவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஆணையிட்டார்கள். மீண்டும் முயல்க. ஸ்வெஸ்தான் கத்தியை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.

விதோசாவ் வியாபாரி. எந்தச் சரக்கு எப்போது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அமைதி கிடைக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவன் தன் கிளாஸை உயர்த்தி, இந்த வீட்டிலிருந்து போனவர்களை நினைத்துக்கொள்வோம் என்றான். அப்பா ப்ரோகோபியேவின் பெயரைச் சொன்னான்.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். மெழுகுவத்தி எரியும் சத்தம் கேட்கும்போல இருந்தது. கிளாஸ் ஒரு கையில். விதோசாவின் மறு கை கோட்டுப் பைக்குள் இருந்த ரிமோட்டைத் தடவிப் பொத்தானை அமுக்கியது.

இடது முன்மூலையில் ஏதோ கூவியது. பிறகு வலது மூலையில். பிறகு பக்கச் சுவரில். பிறகு முதுகுக்குப் பின்னால், நீளமாக, கீழிருந்து மேலேறி. ப்ரோகோபியேவின் தங்கை பெர்சிதா அத்தைக்குக் காது அரைகுறை. அவள் சிலுவை போட்டுக்கொண்டு அந்தரத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்களா?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். பெட்டி கடைசிவரை கூவி முடித்தது. அளவெடுப்பு முடிந்தது, நன்றி என்று திரையில் வந்தது. விதோசாவ் கிளாஸைக் காலி செய்து, ஆமென் என்றான். மற்றவர்கள் தாமதமாகச் சொன்னார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. வர்ணனை எதிரே அடக்கமாக வந்தது. உள்ளூர் அணி கோல் போட்டபோது மேசையின் பின்னால் ஒரு மைதானமே எழுந்து நின்று கத்தியது. பெர்சிதா அத்தை யார் வந்தது என்று திரும்பிப் பார்த்தாள். ஸ்வெஸ்தான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டான். ஓடு விற்கிறவன் என்றாலும் பந்தயத்தில் நாணயமானவன். கத்தியை மடக்கி உறைக்குள் போட்டான்.

"ஜெயிச்சுட்ட மச்சான்."

விதோசாவ் மீசையின் இரண்டு நுனியையும் ஒரு சேர முறுக்கினான். எல்லோருக்கும் ஊற்றினான். வியன்னாவில் எத்தனை ஸ்பீக்கர் சொன்னாய் என்று மச்சானை இரண்டு முறை கேட்டான். ஊர் முழுக்க இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து ஸ்தாமென்கா தாம்பாளத்தோடு வந்தாள். காப்பி என்று நினைத்து ஒருவர் கை நீட்டினார். தாம்பாளத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர், சோப்பு, துண்டு. அவள் தம்பியிடம் கையை நீட்டினாள். அவன் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, உறையோடு கத்தியைக் கொடுத்தான்.

"இவன்கிட்ட நீ ஜெயிச்சுட்ட மனுஷா, நான் இல்லேங்கல," என்றாள். குரல் உயரவில்லை. "செத்தவரு பேரச் சொல்லி அமைதி வாங்கினியே, இது உங்கப்பா பங்கு."

விதோசாவ் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. பெர்சிதா அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது பேரத்தைத் தொடங்கலாமா என்று மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினான். ஒவ்வொருவரும் தன் தட்டில் மீன் முள் பொறுக்கினார்கள். ஸ்தாமென்கா ரிமோட்டைக் கேட்கவில்லை. எந்தப் பொத்தானில் எது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. நேராகப் போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் செத்தன. திரை கறுப்புக் கண்ணாடியானது.

யாரோ ஒருவர் இரக்கப்பட்டு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். விதோசாவ் வேண்டாம் என்று தலையாட்டினான். அன்று அவன் வீட்டுக்காரன். டிவித் திரையில் முகம் பார்த்து, நின்றபடியே சோப்பு போட்டான். இப்போது யாரும் இருமவில்லை, ஆரம்பிச்சாச்சா என்று கேட்கவும் இல்லை. கத்தி இழுபடும் சத்தம், மேசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே அளவாகக் கேட்டது.