துரையின் இடப்பக்கம்

துரைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வயிற்றைத் திறந்து பார்ப்பதாக முடிவாகியிருந்தது.

துரை ஒன்பது வயது ஆண் நாய். ஆள் முழங்கை நீளம்தான்; தோரணை மட்டும் வீட்டுப் பத்திரமே தன் பேரில் இருப்பது போல. அவனுக்குப் போய் இரண்டு மாதமாக முலைக்காம்புகள் வீங்கி, முடியும் கொட்டிக்கொண்டிருந்தது.

"சின்னதிலேயே விதை எடுத்த நாய். ஆனா ரத்தத்துல பெண் ஹார்மோன் எக்கச்சக்கமா இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. உள்ள எங்கியாவது கட்டி இருக்கலாம், திறந்துதான் பாக்கணும்," என்றார் கால்நடை மருத்துவர்.

"இவன் தாங்குவானா டாக்டர்?" என்று கேட்டாள் துரையை வளர்க்கும் பேருந்து ஓட்டுநர்.

"இதயம் கொஞ்சம் பலவீனம்தாம்மா."

அவள் துரையின் தலையை வருடினாள். பக்கத்தில் அவள் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

மருத்துவர் நாயைத் திருப்பினார். "ஆமா, இடப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்கை? எப்படிப் படுப்பான்?"

"காலையில என் கைமேலதான்." அவள் கையை மேசையில் நீட்டினாள். துரை வழக்கம் போல ஏறிப் படுத்தான். வழுக்கை விழுந்த பட்டை அவள் முழங்கை முதல் மணிக்கட்டு வரை அச்சடித்த மாதிரி பொருந்தியது. போதாக்குறைக்கு அந்தக் கையை நக்கவும் தொடங்கினான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ டாக்டர்! நான்தான்! எல்லாம் நான்தான்!"

"முப்பது வருஷமா எதையும் ஒத்துக்காதவ இன்னிக்குத் தானா ஒத்துக்கிறாளே," என்றார் கணவர்.

"சும்மா இருங்க! டாக்டர், நான் ஹார்மோன் ஜெல் தடவுறேன். இந்தக் கையிலதான்!"

கொட்டித் தீர்த்தாள். மாதவிடாய் நின்றதும் தூக்கம் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. வேலையை விடப் போனவளை மூன்று மாதமாக அந்த ஜெல்தான் காப்பாற்றுகிறது. விடிகாலை நாலரை மணிக்குத் தடவுவாள். வண்டி ஓட்டுகிறவள், சட்டைக் கை எப்போதும் சுருட்டித்தான் இருக்கும். ஈரம் காய்வதற்குள் துரை வந்து படுத்துவிடுவான்.

மருத்துவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல!"

"நாய்க்கு உடம்பு சரியில்லன்னா என் ஜெல்லைப் பத்தி யார் நினைப்பா?"

"நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஜெல் போட்ட தோல் இவன்மேல படவே கூடாது. ஆறு வாரம் பாப்போம். அப்பவும் குறையலன்னா திறக்கலாம்."

"அப்ப நான் ஜெல்லை விட்டுடணுமா?"

"நீங்களா விடாதீங்க. உங்க டாக்டரைக் கேளுங்க."

அங்கிருந்தே தன் டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ் அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். "இந்த ஜெல்லைத் தொடையிலயும் போடலாமாம். அளவு அதேதான், கூட்டாதீங்க. கழுவித் துடைச்ச தோல்ல மெல்லிசாப் பரப்புங்க, தேய்க்க வேண்டாம். உடனே கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. நல்லாக் காஞ்சதும் பேன்ட் போட்டு மூடுங்க. ஒரு மணி நேரத்துக்குக் குளிக்காதீங்க. எல்லாம் பெட்டிக்குள்ள தாள்ல போட்டிருக்கே, படிக்கலையா?"

"ரூட் தாளைத் தவிர எதையும் படிச்சதில்லம்மா," என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

மறுநாளிலிருந்து நாலரை மணிக்குக் குளியலறைக் கதவு தாழிடப்பட்டது. வெளியே துரை ஊளையிட, கணவர் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "காஞ்சுதா? இவன் என்னைக் கடிக்கிறான்!" என்று கத்துவார். "இன்னும் ரெண்டு நிமிஷம்!" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஆறாவது வாரம் மருத்துவர் துரையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது. இடப்பக்கத்தில் பூனைமுடி போல மெல்லிய மயிர் அரும்பியிருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கத்திக்கு வேலையே இல்ல!" என்றார்.

அன்று மதியம் அவள் வண்டியை எடுத்ததும் ஒலிபெருக்கியில், "அடுத்த நிறுத்தம் நூலகம்," என்றாள். வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க துரைக்கு ஆபரேஷன் இல்லீங்க!"

துரை யாரென்று பேருந்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பின்னிருக்கையில் யாரோ கை தட்ட, வண்டியே தட்டத் தொடங்கியது.