417-ஐத் திருப்பிக் கேட்டபோது

இந்தோனேசியாவின் போகோரில் எங்கள் நுண்ணுயிர் வங்கியின் சேமிப்பறை எரிந்த அன்று காலை நான் அழவில்லை. இதற்காகத்தானே இன்னொரு தொகுப்பை வடக்கு நாட்டு வங்கியில் வைத்திருக்கிறோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மற்ற வீடு கொடுக்கும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தம் அது.

முதலில் கேட்டது எங்கள் பதிவேட்டு எண் 417. ஒஞ்சோம் என்ற புளிக்கவைத்த உணவுக்கான சிவப்புப் பூஞ்சை. கடலைப் பிண்ணாக்கின் மேல் அதைத் தூவினால் இரண்டே நாளில் செம்பஞ்சு மாதிரி பூத்துவிடும். நஞ்சுப் பூஞ்சையை வளர விடாது. சியாஞ்சூரில் ஒஞ்சோம் போட்டு விற்ற பிபி ஓனெங்கின் கொட்டகையில் அதைப் பிரித்தெடுத்தவள் நான். பதிவேட்டில் "கொடுத்தவர்: ஓனெங்" என்று என் கையால் எழுதினேன். அந்தக் கொட்டகை பிறகு நெடுஞ்சாலைக்கடியில் போயிற்று. மூன்று ஊர்க்காரர்கள் ஒஞ்சோம் போட எங்களிடம்தான் வித்து வாங்கினார்கள்.

வடக்கிலிருந்து பூஞ்சை அடைத்த குழாய் வரவில்லை. ஆறு பக்கத் தாள் வந்தது. 417-க்கு இப்போது அவர்களுடைய எண். அதை யாருக்கும் தரக்கூடாது, உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது, அதில் எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் அனுப்புவார்கள். அவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "பிறப்பிடம்: இந்தோனேசியா. கொடுத்தவர்: தெரியவில்லை."

தெரியவில்லையாம்! தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் பாக் ரஸ்மானாவிடம் போனேன்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, இபு நென்டென்," என்றார் தலையைத் தூக்காமல். "மார்ச்சுல கூட்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கணும். இப்போ போய் அவங்களோட வம்பு எதுக்கு?"

"நம்ம வீட்டுப் பொருள், பாக். அதைத் தொடுறதுக்கு அவங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?"

"ஒரு பூஞ்சைக்கு இவ்வளவு கோபமா?"

"வெறும் பூஞ்சைனு நெனச்சிருந்தா அவங்க ஆறு பக்கம் எழுதியிருக்க மாட்டாங்க."

அந்த வாரம் நான்கு நாட்டு வங்கிகள் திரையில் கூடிப் பேசும் கூட்டம் இருந்தது. வடக்கு வங்கிக்காக டாக்டர் ஹால்வொர்சன் பேசினார். ஒத்துழைப்பு, நம்பிக்கை என்று இனிக்க இனிக்க அரைமணி நேரம். என் முறை வந்ததும் பழைய ஒப்பந்தத்தின் நான்காவது வரியைப் படித்தேன்: வைத்தவர் கேட்டால் நிபந்தனையின்றித் தர வேண்டும்.

"அது பழசு," என்றார் அவர் சிரித்தபடி. "புது விதி வந்தாச்சு. எல்லாருக்கும் ஒரே விதிதான், நென்டென்."

"எங்ககிட்ட வாங்கும்போது எந்த விதி இருந்துச்சு? பேரைக் கூட அழிச்சிட்டீங்களே!"

என் குரல் உயர்ந்திருந்தது. பாக் ரஸ்மானா மேசைக்கடியில் என் காலைத் தட்டினார். காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன். "நீங்க பாதுகாக்கல. பிடிச்சு வெச்சிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பிறகு பாங்காக்கிலிருந்து ஒரவான் வாயைத் திறந்தாள். முன்பொரு முறை பயிற்சிக்கு எங்களிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனவள்.

"அக்கா, 417 எங்ககிட்ட இருக்கு. கிளம்பும்போது நீங்கதானே ஒரு குழாய் கொடுத்தீங்க? வருஷா வருஷம் புதுப்பிச்சு வெச்சிருக்கேன்."

ஹால்வொர்சனின் சிரிப்பு மறைந்தது. "அனுப்புறதுக்கு முன்னாடி எங்களைக் கேக்கணும்," என்றார்.

"அது அவங்க கொடுத்தது. அவங்களுக்கே திரும்பப் போகுது. நடுவுல நீங்க யாரு?" என்றாள் ஒரவான்.

அவள் அனுப்பிய தாள் ஒரே பக்கம். குழாயை நாட்டுக்குள் விட வேண்டிய எங்கள் தொற்றுத்தடுப்பு அலுவலகம் அதற்கு ஐந்து வாரம் முத்திரை போடாமல் இழுத்தது. திங்கள்தோறும் போய் அங்கே உட்கார்ந்தேன். "இபு, பூசணத்துக்கா இத்தனை நடை?" என்று ஒரு குமாஸ்தா கிண்டல் செய்தான். கத்தினேன். ஹால்வொர்சனுக்குச் சேர வேண்டியதில் பாதி அவனுக்குப் போயிற்று.

குழாய் வந்த மூன்றாம் நாள் வளர்ப்புத் தட்டு முழுவதும் செம்மை படர்ந்தது. பிபி ஓனெங் தன் மகன் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து முகர்ந்து பார்த்தாள். "ம், இது அதுதான்," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொட்டலம் கட்டித் தரச் சொன்னாள்.

கூட்டுத் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. என் பெயர் அதில் இல்லை. வடக்கு வங்கிக்கு ஒன்பது கடிதம் எழுதிவிட்டேன். பட்டியலில் இன்னும் "தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது. பத்தாவதை எழுதிக்கொண்டிருந்தபோது பாக் ரஸ்மானா புகைப்படக்காரரோடு உள்ளே வந்தார். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம், கையில் 417-ஓடு. தட்டை எடுக்க நீண்ட கையை நான் விலக்கினேன்.

"இதோட வேணாம், பாக். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்களே, அந்த ஆறு பக்கத்தோட எடுத்துக்கோங்க."

முகம் கறுத்து வெளியேறினார். ஆண்டறிக்கை வந்தபோது படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் வேறு ஏதோ ஒரு தட்டு. அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது.