இரண்டு மணிக்கு மேல்

வலது தோளில் பிடித்த வலி முழங்கை வரை இறங்கியிருந்தது. சாவியை இடது கையால்தான் போட முடிந்தது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் எனக்கு வேலை. ஈர விரிப்பை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். உருளை நிற்காது, அதனால் நாங்களும் நிற்க முடியாது.

கதவு திறப்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டாள்.

"உங்க நாய் அழுவுது."

"குரைக்குதா?"

"குரைச்சாத் தேவலையே. அழுவுது. ரவிக்கை அளவு குடுக்க வர்றவங்கல்லாம் மேல யாரு செத்துட்டாங்கன்னு கேக்குறாங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. நான் இருக்கும்போது தடியன் வாயே திறப்பதில்லை. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, "ஒரு மாசம் வச்சுக்கம்மா" என்று விட்டுப்போன நாய். மூன்று வருடமாகிறது.

"எத்தனை நாளா?"

"நாலு வாரமா. காலையில மூச்சு விடாது. ரெண்டு மணிக்கு எழுந்து கதவுகிட்ட வரும். நகம் தரையில படுறது என் தலைக்கு மேல கேக்கும். கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். அப்புறம் ஆரம்பிச்சா, நீங்க வர்ற வரைக்கும் ஓயாது."

காலை ஆறுக்குப் போய் இரண்டுக்கு முடித்து, பத்து நிமிடத்தில் வீட்டில் இருந்தவள் நான். நான்கு வாரத்துக்கு முன் புது ஆஸ்பத்திரித் துணி வந்தது. கூடுதலாக ஆறு வரை நிற்க யார் தயார் என்று மேஸ்திரி கேட்டார். முதலில் கை தூக்கியது நான்தான். எல்லாரும் காசுக்கு என்று நினைத்தார்கள். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை, அங்கே உருளைச் சத்தத்திலும் நாலு பேர் கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்காகத்தான் தூக்கினேன். இங்கே ஒரு ஜீவன் மணி பார்த்துக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று மாலையே வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவை யாராவது சொன்னா, ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்."

மகளிடம் சொன்னேன்.

"யாருக்காவது குடுத்துடும்மா."

"நீ ராத்திரியெல்லாம் கத்தினப்ப உன்னை யாருக்குடி குடுத்தேன்?"

சிரித்தாள். பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் கூடுதல் நேரத்திலிருந்து என் பேரை எடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"மாசக் கடைசி வரைக்கும் பேரை எடுக்க முடியாது. இன்னும் நாலு நாள்தானே? நீ போனா, அந்தப் பக்கம் பிடிக்கிறவ காத்தோடயா பிடிப்பா? ஆளை நிறுத்திட்டுப் போ."

எங்கள் இடத்தில் அது எழுதாத சட்டம். போகிறவள் தனக்குப் பதில் ஒருத்தியை நிறுத்த வேண்டும். நின்றவளுக்குக் காசு நீட்டினால் மூஞ்சியில் எறிவாள். அவள் கேட்கிற நாளில், அவளுக்காகப் போய் நிற்க வேண்டும்.

அழுக்குத் துணி பிரிக்கும் நெட்டையக்காவிடம் கேட்டேன். கூடுதல் நேரத்துக்குக் கை தூக்காத ஒரே ஆள் அவள்தான்.

"நாய்க்கா?" என்றாள்.

"நாய்க்குத்தான் அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போ. உருளையில என் கையை விட்டா உன் நாய்தான் எனக்குக் கஞ்சி ஊத்தணும்."

நான்கு நாள், தினம் நான்கு மணி நேரம் நின்றாள்.

நான் இரண்டு பத்துக்கு வீட்டில் இருந்தேன். தடியன் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. என் இரண்டு கையையும் விரல் விரலாக மோந்தது. இத்தனை நேரம் எங்கே கிடந்தாய் என்று சோதிப்பதுபோல. சோறு போட்டேன், ரோடு முனை வரை கூட்டிப்போனேன். வெறுந்தரையில் அதன் வயிற்றில் தலைவைத்துத் தூங்கினேன். பேச்சு என்று எதுவும் இல்லை. "என்னடா?" என்பேன், காது மட்டும் அசையும். போகட்டும், அதுவும் பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் பேசினார். "இந்த வாரம் சத்தமே இல்லையாமே. இருக்கட்டும். இனிமே கேட்டுதுன்னா பேச்சே கிடையாது."

போனைக் கீழேகூட வைக்கவில்லை, அதற்குள் நெட்டையக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, நாளைக்கும் அடுத்த ஞாயிறும் எனக்கு நீ நில்லு. ஆறுலேருந்து ரெண்டு. ரெண்டு நாளும் நான் வீட்டுல இருக்கணும்."

ஞாயிறு எனக்கு விடுமுறை, அவளுக்கு வேலை நாள். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் தடியனைத் தனியாக விட்டதில்லை. அன்று காத்திருக்க அதற்கு எந்த மணியும் தெரியாது. நான் கதவைச் சாத்தினதுமே ஆரம்பித்துவிடும்.

"அக்கா, வேற கிழமை ஏதாவது... இங்க நாய்..."

"எங்க வீட்டுக்காரருக்குக் காலு விளங்காம ஒரு வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாதா? உனக்காக நான் நின்ன நாலு நாளும், அந்த மனுஷன் ஆறு மணி வரைக்கும் நனைஞ்ச படுக்கையிலதான் கிடந்தாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துணிக்கணக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். கேட்கும்போது அவரை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அங்க யாரும் கத்தலை, அதனால யாரும் கேக்கலை" என்றாள்.

"நிக்கிறேன் அக்கா."

கீழே போய்த் தையல்காரம்மாவிடம் கெஞ்சினேன். நாய் என்றாலே பயம், பக்கத்தில் உட்காரவெல்லாம் முடியாது என்றாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரரிடம் வாய் திறக்கமாட்டேன் என்றாள். அடுத்த ஞாயிறைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நெட்டையக்காவுக்கு நான் பதினாறு மணி நேரம் பாக்கி.