வண்டுக்கு வைத்த மரம்

காந்திமதிநாதன் தன் ஐம்பத்தைந்து வயதில் பயந்தது ஒரே ஒரு ஜீவனுக்குத்தான். அது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு வண்டு. வேங்கை மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிமரத்தில் மட்டும் சலித்துக் கொட்டிய மாதிரி மஞ்சள் பொடி கிடக்கும். பொடி விழ ஆரம்பித்த பிறகு மரத்துக்கு வைத்தியம் கிடையாது. இலை பழுத்து, உச்சி காய்ந்து, நின்ற நிலையிலேயே செத்துவிடும்.

குற்றாலத்துக்கு மேற்கே மலைச்சரிவில் அவருக்கு ஒரு வேங்கைக்காடு இருந்தது. தென்காசியில் பெரிய வீடு, அச்சன்புதூரில் நஞ்சை, எல்லாம் உண்டு. ஆனால் அவர் 'எனக்கு இருக்கு' என்று சொன்னால் அது அந்தக் காட்டைத்தான். பாட்டனார் காலத்து மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாது. பிள்ளையில்லாத மனுஷர். வாரத்துக்கு இரண்டு தடவை வில்வண்டியில் போய் இறங்கி, மரம் மரமாகத் தடவிக்கொடுத்துவிட்டு வருவார். மனுஷர்களை அவர் அப்படித் தொட்டதாக ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் சாரல் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போனது. அடுத்த மாசியில் காட்டின் வடகோடியில் ஏழெட்டு மரங்கள் பழுத்து நின்றன. காவல்காரன் அய்யாக்குட்டி ஒரு கை பொடியை அள்ளிக்கொண்டு தென்காசிக்கு ஓடிவந்தான். அன்று சாயங்காலமே ரேஞ்சர் தாணுமாலயனுக்கு ஆள் போயிற்று. தாணுமாலயன் நாகர்கோவில்காரர், காட்டுப் படிப்புப் படித்தவர். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, மோரைக் குடித்துக்கொண்டே செய்ய வேண்டியதைச் சொன்னார்.

பழுத்த மரங்களை உடனே வெட்டி எரிக்க வேண்டும். அதிலிருந்து ஏற்கெனவே கிளம்பிவிட்ட வண்டுக்கு ஒரு தூண்டில் போட வேண்டும். நடுக்காட்டில் நல்ல மரமாக ஒன்றைப் பார்த்து, இடுப்பு உயரத்தில் சுற்றிவரப் பட்டையைச் செதுக்கிவிட்டால் அது மெல்ல மெல்லச் சாகத் தொடங்கும். சாகிற மரத்தின் வாடை வண்டுக்கு விருந்து வாடை. சரிவில் உள்ள அத்தனையும் அந்த ஒரு மரத்துக்கு வந்து முட்டையிடும். குஞ்சு வெளியே வருவதற்குள் மரத்தைச் சாய்த்து, பட்டையை உரித்து, மொத்தமாகக் கொளுத்திவிட வேண்டும். ஒரு மரம் போகும், காடு நிற்கும்.

"அதுக்கு முன்னால யாரும் பட்டையில கை வைக்கப்பிடாது. குஞ்சு முத்தினதுக்கு அப்புறம் மரம் நிக்கவும் பிடாது. விட்டீங்கன்னா நீங்களே வண்டு வளத்து விட்ட மாதிரி ஆயிரும்" என்றார் ரேஞ்சர்.

அய்யாக்குட்டி மறுநாளே செதுக்கினான். வேங்கைக்குப் பால் சிவப்பு. மத்தியானத்துக்குள் மரம் இடுப்புக்குக் கீழே அறுத்துப் போட்ட கிடா மாதிரி ஆகிவிட்டது.

தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. வல்லத்திலிருந்தும் குத்துக்கல்வலசையிலிருந்தும் விறகு பொறுக்க வருகிற பெண்கள், பட்டை உரிந்த மரத்தைக் கண்டதும் அரிவாளோடு வந்துவிட்டார்கள். அடுப்புக்குப் பட்டை. கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்க வேங்கைப் பால். ஆளுக்கொரு சிரட்டையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். அய்யாக்குட்டி ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்தார்கள்.

காந்திமதிநாதன் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். பிறகு ஒரு சிவப்புச் சேலையை எடுத்து அய்யாக்குட்டி மேல் எறிந்து, இதை மரத்தில் சுற்றி, குங்குமத்தை அப்பி, ஒரு கல்லை நட்டுவிடு என்றார்.

அய்யாக்குட்டி சேலையைத் தொடாமல் நின்றான். "சாமி காரியம் மொதலாளி. வெளையாடப்பிடாது."

"சாமியா? வண்டுக்கு வச்ச சோறுலே அது. சோத்து மேல ஈ மொய்க்காம மூடி வைக்கச் சொல்லுதேன், அம்புட்டுத்தான்."

செவ்வாய்க்கிழமை அவரே போய், விறகுக்காரப் பெண்கள் பார்க்கத் தேங்காய் உடைத்தார். பேச்சியம்மன் கனவில் வந்ததாகவும், இந்த மரத்தில்தான் இருக்கப்போவதாகச் சொன்னதாகவும், பட்டையில் கை வைத்தவள் குலம் விளங்காது என்றதாகவும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

தினமும் விளக்குப் போட ஓர் ஆள் வேண்டுமே. கோயில்காரர்களைக் கூப்பிட்டால் கேள்வி கேட்பார்கள். அதற்கு உலகம்மை இருந்தாள்.

உலகம்மை அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. வெள்ளைச் சேலை. தொழுவத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். தம்பி பங்கு எங்கே போயிற்று என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவளுக்குக் குழல்வாய்மொழி என்று ஒரே மகள். சுரண்டையில் மரம் அறுக்கிற மில் வைத்திருந்த ஒருவர் மூத்த தாரம் தவறி, ஐம்பதை நெருங்கிய வயதில் பெண் தேடினார். காந்திமதிநாதனுக்கு மில்காரர் தயவு வேண்டியிருந்தது. பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். முதுகெல்லாம் தடிப்போடு அவள் ஒருநாள் திரும்பி ஓடிவந்தாள். பெரியப்பா அன்றைக்கே வண்டி பூட்டித் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆடியில் அவள் கிணற்றில் கிடந்தாள். கால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். காந்திமதிநாதன் துஷ்டிக்குப் போனவர், அங்கேயே ஈட்டி மரத் தடிகளுக்கு விலை பேசி முடித்துவிட்டு வந்தார்.

உலகம்மை மறுபேச்சில்லாமல் எண்ணெய்ச் செம்போடு காட்டுக்குப் போனாள்.

வண்டும் வந்தது. ரேஞ்சர் சொன்னதற்கு மேலாகவே வந்தது. வேறு எந்த மரத்திலும் புதிதாகத் துளை இல்லை. அந்த ஒரு மரத்தின் அடியில் மட்டும் மஞ்சள் பொடி கொட்டு கொட்டென்று கொட்டியது. சிவப்புச் சேலை, ரத்தம் மாதிரிப் பால், கீழே மஞ்சள். பார்த்த பெண்களுக்கு வேறென்ன தோன்றும்? பேச்சி மஞ்சள் சொரிகிறாள் என்றார்கள். வல்லத்து வடிவம்மாள் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவந்தாள். உலகம்மை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை சுரண்டையிலிருந்து பஸ் ஏறி ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"வண்டுப் பீய அள்ளி நெத்தியில பூசுதானுவ" என்று காந்திமதிநாதன் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். காவலுக்கு ஆள் போடாமலே காவல் கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட குஷி. உலகம்மைக்கு அருள் வருவதாக அய்யாக்குட்டி சொன்னபோதும், மரத்துப் பாலையே தொட்டு விதவை நெற்றியில் ஊர் பொட்டு வைத்துவிட்டது என்று சொன்னபோதும், சிரிப்பு கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ரேஞ்சர் வந்து, மரத்தின் பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் பேனாக்கத்தியால் ஒரு சில்லுப் பட்டையைப் பெயர்த்துப் பார்த்தார். வெள்ளைப் புழுவெல்லாம் வண்டாகிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்கு மேல் தாங்காது, இன்றைக்கே வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் சட்டென்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

காந்திமதிநாதன் அய்யாக்குட்டியிடம் கோடாரியைக் கொடுத்து அனுப்பினார். போனவன் வெறுங்கையோடு திரும்பினான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த உலகம்மை ஏறிட்டுப் பார்த்தாளாம். கோடாரி தானாகக் கைநழுவிற்றாம். இவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டானாம். அவனை ஓர் அறை அறைந்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவரே போனார்.

கூட்டம் இன்னும் சேரவில்லை. உலகம்மை திரி போட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் எழுந்து ஒதுங்கி நிற்பாள் என்று எதிர்பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

கூத்து போதும், வீட்டுக்குப் போ என்றார். வண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே தடுத்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தான். ரேஞ்சர் சொல்லையில மோர் கொண்டாந்து வச்சது நான்தான."

"அப்ப பேச்சி கீச்சி ஒண்ணுமில்லன்னும் தெரியும்லா?"

உலகம்மை கொஞ்சம் யோசித்தாள். "மொத நாளு இல்ல. இப்ப இருக்கா."

அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் பச்சைக்கட்டாக அத்தனை மரமும் நின்றது. குரல் அவரையறியாமல் தணிந்தது.

"உம் புருசன் பங்கப் பிரிச்சுத் தந்திருதேன். சரிபாதி."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு ஒரு நேரக் கஞ்சி போதும். அதுக்கு மேல கேக்க ஒருத்தி இருந்தா." திரியை உருட்டி எண்ணெயில் வைத்தாள். "அவள வண்டியில ஏத்தையில உங்க காலப் பிடிச்சா. நீங்க வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்திய."

"செத்தவளப் பத்தி இப்ப என்னட்டி பேச்சு? மரத்தப் பத்திப் பேசு."

"மரத்தப் பத்தித்தான் பேசுதேன்" என்றாள் உலகம்மை.

அடுத்த திரியை உருட்டத் தொடங்கினாள்.

அவர் போலீஸிடம் போய்ப் பார்த்தார். நீங்களே தேங்காய் உடைத்து ஆரம்பித்த கோயிலில் நாங்கள் எப்படிக் கோடாரி எடுத்துக்கொண்டு வருவது என்று கேட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கூலிக்கு வெட்ட சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆள் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

மேளம், பொங்கல் பானை, வளையல் கடை, ஐஸ் வண்டி. காடு திருவிழாவாக இருந்தது. காந்திமதிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி மரத்தடிக்கு வந்தார். முதலாளி வந்திருக்கிறார் என்று மேளத்தை நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து எந்த மனுஷனிடமும் தப்பென்று ஒப்புக்கொள்ளாத மனுஷர், அன்றைக்கு ஊர் முன்னால் சொன்னார்.

"நான் சொன்னது பொய். எனக்குக் கனவும் வரல்ல, பேச்சியும் வரல்ல. சேலை நான் சுத்தச் சொன்னது. இது வண்டுக்கு வச்ச மரம். நீங்க பூசுதது வண்டு தின்னு தள்ளுன பொடி. இன்னைக்கு இத எரிக்கல்லன்னா காடு பூராவும் செத்திரும்."

கூட்டத்தில் எங்கேயோ ஒருத்தன் சிரித்தான். வடிவம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அம்மனுக்குச் சேல எடுத்துக் குடுத்த மகராசன் வாயிலயா இப்பிடி வருது? மொதலாளிக்கு மண்டையில என்னமோ ஆயிட்டு" என்றவள், குனிந்து ஒரு கை பொடியை அள்ளி அவர் நெற்றியில் அப்பினாள். சரியாயிரும், சரியாயிரும் என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து கன்னத்திலும் தலையிலும் பூசினார்கள். பொடி அவர் வாய்க்குள்ளும் போயிற்று.

துப்பிக்கொண்டே பொங்கலுக்கு விறகு பிளந்தவனிடமிருந்து கோடாரியைப் பிடுங்கினார். ஒரே வெட்டுத்தான் போட முடிந்தது. சேலை கிழிந்து, முறத்தளவு பட்டை பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரம் முழுக்கக் கோலம் போட்ட மாதிரிக் குடைந்திருந்தது. அந்தக் கோலத்துக்குள் கறுப்பாக நெளிந்தது. முற்றிய வண்டு. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக இறக்கையை விரித்தது.

"பாருங்கலே, பாருங்க" என்று அவர் காட்டினார். யாரும் வண்டைப் பார்க்கவில்லை. அம்மன் மேல் வெட்டு விழுந்ததைத்தான் பார்த்தார்கள். இளவட்டங்கள் நாலு பேர் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். ஒருத்தன் மார்பில் முழங்காலை ஊன்றினான். இன்னொருத்தன் கல்லைத் தூக்கிவிட்டான். அய்யாக்குட்டி பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடிக்காதிய" என்றாள் உலகம்மை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கல் நின்றது.

எழுந்து வந்து அவர் தலைமாட்டில் நின்று குனிந்து பார்த்தாள். முந்தானையால் அவர் கண்ணில் விழுந்திருந்த பொடியைத் துடைத்துவிட்டாள், குழந்தைக்குத் துடைப்பதுபோல.

"விட்டிருங்க. கண்ணு நல்லா இருக்கட்டும். இனிமத்தான் அவருக்குப் பாக்கதுக்கு இருக்கு."

விட்டுவிட்டார்கள். மேளம் மறுபடி தொடங்கிற்று. பெயர்ந்த இடத்திலிருந்து வண்டு முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு கைப்பிடி கைப்பிடியாகவும் கிளம்பி, காற்று அடித்த திசையில் போயிற்று. அந்தப் பக்கம்தான் அவருடைய அருமையான மரங்கள் எல்லாம் நின்றன. காந்திமதிநாதன் தவழ்ந்து போய், பட்டை மேல் ஊர்ந்தவற்றை உள்ளங்கையால் அறைந்து அறைந்து நசுக்கினார். நசுக்கிய இடத்தில் வேறு வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டார்கள்.

உலகம்மை அந்தப் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் அடுத்து நின்றவளிடம், பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.