முதல் வரிக்கு மேலே ஒரு சுழி

எனக்குக் கிரேக்கம் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர் பரளச்சியில் பாதிப் பேர் நான் வெளிநாட்டுப் பாஷையைக் கரைத்துக் குடித்தவள் என்று நினைக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்கிற டைப்பிங் வேலை, அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தோலில் கிரேக்கத்தில் எழுதிய நற்செய்தி ஏடு எங்கோ ஒரு வெளிநாட்டு நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக அதன் படம் என் கம்ப்யூட்டருக்கு வரும். எழுத்தைப் பார்த்து எழுத்தை அடித்து அனுப்ப வேண்டும். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கூடக் கிடையாது, ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி நெரிந்து நிற்கும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். அந்த இன்னொருவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதையும் சொல்ல மாட்டார்கள். பேசி வைத்துக்கொண்டு அடித்துவிடக் கூடாதாம். மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டு, மாறுபடும் இடங்களைச் சிவப்பில் காட்டி இருவருக்கும் அனுப்புவார்கள்.

அந்தச் சிவப்புதான் எனக்குப் பேச்சுத்துணை. என் வீட்டுக்காரர் இறந்தபின் வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். எதிர்வீட்டு ரேணுகாதேவியும் திருப்பூருக்குப் போய்விட்டாள், கதவில் பூட்டு துருப்பிடிக்கிறது. அதனால் முகம் தெரியாத அந்த ஆளுக்கு எதிர்வீட்டுக்காரி என்றே பேர் வைத்தேன். மை மங்கிய இடத்தை நான் வெறுமனே விட்டிருந்தால் அவள் துணிந்து எதையாவது அடித்திருப்பாள். "அடியேய், உனக்கு மட்டும் கண்ணு தெரியுதாக்கும்!" என்று திரையைப் பார்த்துத் திட்டுவேன். திட்டி முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும்.

ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. மளிகைச் சீட்டானாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எழுதிய கை இல்லை இது. கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி ஒரு 'உ' தட்டிவிட்டுத்தான் கிரேக்கத்துக்குப் போவேன். தினமும் முதல் சிவப்பு அதுதான். அவள் பக்கம் அந்த இடம் காலியாக இருக்கும்.

மதுரை ஆபீஸிலிருந்து அழகுராஜா போனில் கத்தினான்.

"நாகஜோதியக்கா, பைபிள் ஏட்டுல பிள்ளையார் சுழி எதுக்கு? எடுத்து எடுத்து அலுத்துட்டோம்."

"சுழி போடாம எப்பிடிப்பா ஆரம்பிக்கிறது? கை வர மாட்டேங்குது."

"இன்னொரு தடவ வந்துச்சுன்னா ஒங்கள வேலைய விட்டு எடுத்துருவாக. பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

வேலை போனால் எதிர்வீட்டுக்காரியும் போய்விடுவாள். பயந்துவிட்டேன். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அன்றைய பக்கத்தைச் சுழி இல்லாமல் அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அதுவே கடைசிப் பக்கம் என்றார்கள். அடுத்த ஏட்டுக்கு ஜோடிகளை மாற்றிவிடுவார்களாம்.

மறுநாள் சிவப்பு வந்தது. பக்கம் முழுக்க ஒரே ஒரு இடம்தான், முதல் வரிக்கு மேலே. என் பக்கம் காலி. அவள் பக்கம் ஒரு 'உ'.

அடிப்பாவி! தமிழச்சியாடி நீ? இத்தனை நாளும் என் சுழியைப் பார்த்துக்கொண்டா இருந்தாய்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே அழகுராஜாவைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பக்கம் அடிச்சவுக யாருப்பா?"

"எனக்கே தெரியாதுக்கா."

"அப்ப அந்தப் பக்கத்த ஒரு தடவ தெறந்து குடு. ஒரே ஒரு எழுத்து போட்டுக்கிறேன்."

"பூட்டியாச்சுக்கா. ஏன் பதறுறீக? ஒங்களோடதுதான் சரி. அவுகளோடது தப்புன்னு போட்டாச்சு."

போனை வைத்துவிட்டேன். அவளும் அந்நேரம் எங்கோ ஒரு வீட்டில் தனியாக உட்கார்ந்து, என் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.