பன்னிரண்டு ராத்தல்

அப்பாவின் வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியதை இறக்கி நேராக நிறுத்தி, எலும்பு கூடும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். அதற்கு டாக்டர் செய்த ஏற்பாடு எளிமையானது. காலை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் நீட்டிக் கட்டினார். பாதத்திலிருந்து ஒரு கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பியின் மேலாகப் போய்க் கீழே இறங்கியது. கயிற்றின் நுனியில் ஒரு மணல் பை. எடை பன்னிரண்டு ராத்தல்.

“ஆறு வாரம். பை அந்தரத்தில் தொங்க வேண்டும், இரவும் பகலும். யாரும் தொடக் கூடாது” என்றார்.

“சரிங்க” என்றேன். நான் சென்னையில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். கப்பியும் கயிறும் எனக்குப் புரியும். எங்கள் உறவுக்காரர்களைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பா கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டும்போது விழுந்தார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்காருவது வழக்கம். வடம் அறுந்துவிட்டது. ஊரில் எல்லோரும் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் வண்டி கட்டச் சொன்னார்கள். நான் ஒருத்திதான் சேலம் ஆஸ்பத்திரி என்றேன். நான் அதிகம் பேசாதவள் என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா, “புள்ளை சொல்ற எடத்துக்கே போலாம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். கால் குட்டையாகக் கூடினால் அவரால் கவலை ஓட்ட முடியாது. ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் மாடுகளைப் பின்னோக்கி நடத்திச் சரிவில் ஏற்ற வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான். அந்தப் பழி முழுவதும் என் மேல் விழும். விழுவது நியாயமும்கூட.

அம்மா மாடுகளைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நான் மட்டும். அதாவது, முதல் ஞாயிற்றுக்கிழமை வரை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் கரியில் ஓடும் கரி பஸ்தான். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டாவது எங்கள் ஒறம்பரைச் சனம் வந்து சேர்ந்தது. முதலில் வந்தவர் அப்பாவின் அக்கா, முத்தாயம்மாள் அத்தை. குழாயடியிலிருந்து நான் தண்ணீர்ச் செம்போடு திரும்பியபோது, மணல் பை ஒரு முக்காலியின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கயிறு தொய்ந்து கிடந்தது.

“இதை யாருங்க அத்தை வெச்சது?”

“நாந்தான். ஏன், முக்காலி தேஞ்சு போயிடுமா?”

“அது தொங்கோணும்ங்க.”

“என்ற தம்பி என்ன களவாணியா, கால்ல மூட்டையைக் கட்டித் தொங்க உட? பெத்தவனுக்குப் பண்ற வேலையா இது?”

“சதை எலும்பை மேல இழுக்குதுங்க. பை கீழ இழுத்தாத்தான் நேரா கூடும்.”

“ஆறு வாரம் இழுத்தா அந்தக் கால் மட்டும் நீண்டு போயிடாது? அப்புறம் ஒரு பக்கம் கோழிக்கால், ஒரு பக்கம் கொக்குக்காலா நடப்பானா?”

வார்டே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் முக்காலியை எடுத்தேன். பை இறங்கியதும் அப்பாவின் சிரிப்பு நின்றது.

பிறகு வாரத்தில் நாலு நாளாவது இதே கதைதான். சின்னராஜ் மாமா பையை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் காலருகே கிடத்தினார். பழனியம்மாள் பெரியம்மா பையை அவிழ்த்துப் பாதி மணலை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, “யாருக்கும் தெரியாது, நீ சும்மா இரு” என்று என்னிடமே சொன்னாள். எல்லோரும் நெய் கொண்டுவந்தார்கள், கத்தரிக்காய் கொண்டுவந்தார்கள், இரக்கத்தையும் கொண்டுவந்தார்கள். நான் குளிக்கப் போக வேண்டும், துணி அலச வேண்டும், கஞ்சி வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடி வந்து பார்த்தால் பை எங்காவது இளைப்பாறிக்கொண்டிருக்கும்.

ஓர் அட்டையில் ‘தொடாதீர்கள்’ என்று பெரிதாக எழுதிக் கட்டினேன். அவர்களில் அநேகருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவர், அட்டையும் ஒரு பாரம்தானே என்று அதை எடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் டாக்டர் நாடா வைத்து இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை இரு கால்களையும் அளந்தார். மறுபடி ஒரு முறை அளந்தார்.

“ஓர் அங்குலம் குறைகிறது. பையை யார் எடுத்தது?”

அப்பா கூரையைப் பார்த்தார்.

“நீ பி.எஸ்ஸி. தானே அம்மா? ஒரு பையைப் பார்த்துக்கொள்ள முடியாதா? இனியும் இப்படி நடந்தால் எலும்பு குட்டையாகவே கூடிவிடும். அப்புறம் என்னிடம் வந்து பயனில்லை.”

அன்று சாயங்காலம் ஒரு மஞ்சள் கிழங்கை வாங்கிக் கல்லில் உரைத்தேன். அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் தோய்த்து, காலணாக் காசை அதில் வைத்து முடிந்து, பையின் கழுத்தில் கட்டினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அத்தை வந்தாள். வந்த வேகத்தில் பையிடம் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. இரண்டு விரலால் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்ட அம்மிணி?”

“அதைச் சொல்லக் கூடாதுங்க அத்தை.”

“ஆமாமா, சொல்லப்படாது.” என் தலையைத் தடவினாள். “என்னதான் படிச்சாலும் நம்மூட்டுப் புள்ளைதான்.”

நாலு வருஷப் படிப்பு செய்யாததைக் காலணா செய்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் பை தொங்கியது. நான் நிம்மதியாக ஒரு முறை தலை குளித்தேன்.

அந்த நிம்மதி ஐந்து நாள். உடம்பு சரியாக வேண்டுமென்றால் கோயிலில் உப்பும் மிளகும் போடுவார்களே, அதை எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரியிலேயே போட ஆரம்பித்தார்கள். பையின் வாயைத் தளர்த்தி ஆளுக்கொரு பிடி உப்பு. பக்கத்து வார்டு நோயாளிகளின் வீட்டார்கூட வந்து போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். சமையற்கட்டில் வில் தராசு இரவல் வாங்கி நிறுத்தேன். பதினைந்தரை ராத்தல்.

“அப்பா, யாரையும் உப்புப் போட உடாதீங்க. பாரம் கூடினாலும் எலும்பு கூடாதுங்க.”

“நான் என்ன கண்ணு சொல்றது? நேந்துக்கிட்டது நீ.”

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் உப்பை அள்ளி, நிறுத்து, பன்னிரண்டுக்குக் கொண்டுவருவது என் வேலையாயிற்று. உப்பைக் காலடியில் கொட்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். சமையற்கட்டில் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் குழம்பில் உப்பில்லை என்று அப்புறம் யாரும் குறை சொன்னதில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானம். தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே வந்தேன். அப்பாவின் அக்குளில் கை கொடுத்து அத்தை ஒரு பக்கமும் சின்னராஜ் மாமா ஒரு பக்கமும் அவரைக் கட்டிலில் கால்மாட்டை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்க இறங்கப் பையும் இறங்கி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. மஞ்சள் முடிச்சோடு.

“பையை நாங்க தொடவே இல்லை கண்ணு” என்றாள் அத்தை, நான் வாயைத் திறக்கும் முன்பே.

“இது யாரோட ரோசனைங்க?”

அப்பா சட்டத்தின் திருகாணியை எண்ணுவதுபோலப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. முக்காலியும் இவர்தான். ஜன்னல் வழியே கொட்டிய மணலும் இவர்தான். ஐந்து வாரமாக வருகிறவர்களிடமெல்லாம் இவரே கெஞ்சியிருக்கிறார்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “உங்க கால்தானுங்களே அப்பா இது? எனக்கா குட்டையாகப் போகுது? நீங்க நம்பித்தானே வந்தீங்க? பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லைங்க, வண்டியை வைத்தியர் பக்கமே திருப்பியிருப்பனே!”

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார். “தெனமும் எத்தனை ராத்தல், எத்தனை ராத்தல்னு பையைத்தான் நிறுக்கறே. வலிக்குதான்னு ஒரு நாளாச்சும் கேட்டயா?”

நான் கேட்கவில்லை. உண்மைதான்.

“வலிக்குதுங்களா?”

“வலிக்குது.”

“எங்கீங்க? முறிஞ்ச எடத்துலயா?”

“அங்க இல்லை.”

“பின்ன?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “பொம்பளைப் புள்ளைகிட்டச் சொல்ற எடமா அது?”

அப்போதுதான் சட்டத்தைப் பார்த்தேன். அதன் மேல்முனை ஒரு தோல் வளையம். தொடையின் அடியில், வேட்டிக்குள், இடுக்கில் அழுத்திக்கொண்டிருந்தது. கயிறு இழுக்கும்போதெல்லாம் அது அங்கே தேய்த்திருக்கும்.

“நர்ஸம்மாகிட்டச் சொல்லலாமில்லைங்க?”

“அதுவும் பொம்பளைதான்.”

“டாக்டருகிட்ட?”

“அவரு வர்றப்பத்தான் நீயும் அந்த நர்ஸம்மாளும் காவலாட்டம் கூடவே நிக்கறீங்களே.”

அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது. தொடை எலும்பு உடைந்தவரை உலுக்கக் கூடாது. ஐந்து வாரம்! ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஊரையே கரி பஸ்ஸில் வரவழைத்துப் பையைத் தூக்க வைத்திருக்கிறார். பத்து மாதமாக வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவள் நான். இந்த வெட்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

டாக்டரின் அறைக்குப் போனேன். அங்கே போனதும் எனக்கும் வாய் வரவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினேன். அவர் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, வார்டிலிருந்து பெண்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஆண் உதவியாளர் ஒருவர் தட்டும் பஞ்சும் கொண்டுபோனார். உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகியிருந்ததாம்.

புண்ணுக்கு மருந்து வைத்து, வளையத்துக்குள் பஞ்சுத் திண்டு தைத்தார்கள். தினம் இருமுறை உதவியாளர் வந்து பார்ப்பார். அந்த நேரத்தில் நானும் நர்ஸும் வராந்தாவில் நிற்போம். நாலாம் நாள் அப்பா பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். அத்தை வந்தபோதும் விழிக்கவில்லை. அவள் எதையும் தொடவில்லை. செய்ய ஒன்றுமில்லாமல் என்னிடம் வந்து, என் பின்னல் சரியில்லை என்று அவிழ்த்துப் பின்னினாள்.

ஆறு வாரம் ஒன்பது வாரமாயிற்று. கடைசியாக அளக்கும் நாளில் அப்பாவே, “பொம்பளைங்க வெளிய போங்க” என்று உத்தரவு போட்டார். நானும் அத்தையும் கதவோரம் நின்றோம். நாடா சரசரக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உள்ளிருந்து டாக்டரின் குரல் வந்தது. “அரை அங்குலம். பரவாயில்லை. செருப்பில் ஒரு தோல் வைத்துத் தைத்துக்கொண்டால் போதும். நாலு மாசம் பொறுத்துக் கவலை ஓட்டலாம்.”

“என்னங்கறாரு?” என்றாள் அத்தை.

“அரை அங்குலம் குறையுதுங்களாம். ஓட்டலாமாம்.”

“அரைன்னா எத்தனை?”

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். அத்தை குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இத்தனூண்டுக்கா,” என்றாள், “ரெண்டு மாசமா எங்க எல்லாத்தையும் அந்தப் பாடு படுத்தினே?”