மாவு மில்லுக்கு அடுத்த வீடு

"அக்கா, நாளைக்குக் காலையில மில்லத் திறக்குறோம். மொத அரைவை நீங்கதான் அரைக்கணும்."

பக்கத்து மாவு மில்லுக்காரர் கருத்தக்கண்ணன் வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணம் என்று நினைத்திருப்பார். "நீங்க இங்கன குடிவந்த ராசி, நானும் தம்பியும் ஒண்ணு சேந்துட்டோம்" என்று வேறு சொன்னார். என் ராசியாம்! அந்த ராசியைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போடுவது? உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் எட்டிப் பார்த்து, "ரொம்ப சந்தோசம்ப்பா, கண்டிப்பா வந்துருவா" என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்லதாப்போச்சு பவானி, மாவரைக்க உத்தமபாளையம் போற அலைச்சல் மிச்சம்" என்றார். வெங்காயத்தை அவர் மேல் எறியாமல் விட்டது என் பொறுமை.

இருபத்தொன்பது வருஷம் தேனிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள் நான். மிஷின் சத்தம் நின்ற நேரமே கிடையாது. வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த மிஷின் என் காதை விட்டு இறங்கவில்லை. படுத்தால் உள்ளுக்குள் கொய்யென்று ஓடிக்கொண்டே இருக்கும். காது டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் பெருஞ்சத்தம் பட்டால் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும், சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்றார். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை, எதிரே கல்யாண மண்டபம். எங்கே போவேன்?

பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு, அனுமந்தன்பட்டியைத் தாண்டி உள்ளடங்கிய ஊரில் இந்த வீட்டை வாங்கினேன். புரோக்கர் சுருளி மூன்று தடவை கூட்டிவந்து காட்டினான். நான் ரொம்ப விவரமானவள் இல்லையா! காலையில் ஒருதடவை, உச்சி வேளையில் ஒருதடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருதடவை என்று வந்து, முற்றத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். தென்னை மட்டை உரசுகிற சத்தம், எங்கேயோ வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம், அவ்வளவுதான். எங்கள் படுக்கையறைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. மேலே கோவைக்கொடி படர்ந்து, கதவில் இரண்டு பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. "அதென்னப்பா?" என்று கேட்டேன். "அது சும்மா கெடக்குக்கா, அண்ணன் தம்பி சொத்து" என்றான் பாவி. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள். ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு பூட்டு என்று கேட்கிற புத்தி எனக்குத்தான் இல்லை.

கிரயம் முடிந்து பால் காய்ச்சிய அன்றைக்குத்தான் அது மாவு மில் என்று தெரிந்தது. ஆனால் ஊரே சொன்னது, இந்த ஜென்மத்தில் அது ஓடாது என்று. எங்கள் பக்கம் அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும், ஆத்தாளுக்கு இளைய மகன். இந்த அண்ணன் தம்பி இருவருடைய ஆத்தா செத்தபோது இளையவன் முத்துராஜா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலையாக இருந்தான். சேதி கிடைத்து அவன் ஓடிவந்தபோது சாம்பல்தான் இருந்தது. மூத்தவர் கருத்தக்கண்ணனே கொள்ளி வைத்து முடித்துவிட்டார். போன் போட்டேன், மலையில் டவர் கிடைக்கவில்லை என்றார் அவர். போடவே இல்லை என்றான் இவன். அன்றைக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டதுதான். அடுத்தவர் குடும்பம் பிரிந்து கிடப்பதைக் கேட்டு ஒரு மனுஷி இப்படிச் சந்தோஷப்படலாமா என்றால், பட்டேன். சாமிக்கு விளக்குப் போடும்போது இவர்கள் சேர்ந்துவிடக்கூடாதே என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் குறை சொல்வார்கள். வெளியூர்க்காரி, யாரிடமும் போய்ச் சொல்லமாட்டேன் என்று நம்பிக்கை. நானும் டீயைப் போட்டுக் கொடுத்து, "அநியாயந்தேன்" என்று இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். ஒருநாள் மத்தியானம் கருத்தக்கண்ணன் வந்து டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"கடைசி ரெண்டு வருசம் ஆத்தா எங்கிட்டதான்க்கா கெடந்துச்சு. பீ மூத்திரம் அள்ளுனது பூராம் நானு. இவன் மாசத்துக்கு ஒருக்க ஆரஞ்சுப்பழத்த வாங்கிட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான். கொள்ளி மட்டும் அவனுக்கான்னு தோணிப்போச்சு. போனக் கையில வச்சுக்கிட்டேதான் இருந்தேன். போடல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. எட்டு மாசம் நிம்மதியாகத் தூங்கினேன். காதுக்குள் ஓடிய மிஷின்கூட மெதுவாக அடங்கிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவர்களுடைய தங்கச்சி மகளுக்குச் சடங்கு. அங்கே யார் யாரோ பேசி இரண்டு பேரையும் கோவிலுக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். கருத்தக்கண்ணன் சூடத்தை ஏற்றி அணைத்து, "பத்துத் தடவ போட்டேன்டா, லைன் கெடைக்கல" என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். முத்துராஜா அண்ணன் காலில் விழுந்து அழுதானாம். ஊரே கண்ணைத் துடைத்ததாம். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாளே எலக்ட்ரீசியன் வந்துவிட்டான். பத்து எச்.பி. மோட்டாராம்.

"பழகிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது பழகும்? செவிடாப்போறதா?"

"வேணும்னா வித்துட்டு வேற பாப்போம்."

"ஓடுற மில்லுக்குப் பக்கத்து வீட்ட எவன் வாங்குவான்? என்னைய மாதிரி இன்னொரு கிறுக்கச்சியையா தேடுறது?"

அவர் டி.வி.யைப் போட்டுவிட்டார். ஒரே ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அதை முத்துராஜா காதில் போட்டால் நாளைக்கே இரண்டு பூட்டும் திரும்பத் தொங்கும். பொய்யும் இல்லை, நடந்ததுதானே? பொய்ச் சத்தியம் பண்ணியது நானா? சொல்லிவிடுவது என்றே முடிவு பண்ணிக்கொண்டு, மறுநாள் காலையில் ஒரு படி பச்சரிசியை ஏனத்தில் அளந்து எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகையைக் கழுவி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். கோவைக்கொடியை வெட்டி வெளியே குவித்திருந்தது. முத்துராஜா ஓடிவந்து அரிசியை வாங்கி அண்ணனிடம் கொடுத்தான். "தம்பி, ஒரு நிமிசம் வெளிய வாயேன்" என்றேன். "இந்தா வந்துட்டேன்க்கா, சுவிச்சப் போட்டுட்டு வந்துர்றேன், நல்ல நேரம் முடியப்போகுது" என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டான்.

தகரம் முழுக்க அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அரைத்த மாவை வாங்க இன்னொரு ஏனத்தை என் கையில் கொடுத்து, துணிக்குழாய்க்குக் கீழே பிடிக்கச் சொல்லி முத்துராஜா சைகை காட்டி, என் பக்கத்திலேயே வந்து நின்றான். கருத்தக்கண்ணன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, என் அரிசியை மிஷின் தொட்டியில் கொட்டினார். கொட்டிவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் உதடு அசைந்தது.

ஸ்பின்னிங் மில்லில் நாங்கள் யாரும் காதால் கேட்டுப் பேசிக்கொண்டதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் குடும்பக் கதை, சண்டை, கேலி எல்லாம். எனக்கு அவர் சொன்னது பளிச்சென்று தெரிந்தது.

"அன்னைக்கு நான் போனே போடலடா."

முத்துராஜா காதில் கையை வைத்து, "என்னண்ணே?" என்று கத்தினான். அவர் திரும்பச் சொல்லவில்லை. காலி ஏனத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முத்துராஜா என் பக்கம் திரும்பினான். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கவேண்டும். குனிந்து என் காதுக்குள் கத்தினான்.

"அக்கா, அண்ணன் என்ன சொல்றாக?"

இதற்குத்தானே வந்தேன்? நானாக ஆரம்பிக்கக்கூட வேண்டியதில்லை, அவனே கேட்கிறான். சொன்னால் இப்போதே சுவிட்சை அணைப்பான். மேலே பார்த்தேன். ஐம்பது வயது மனுஷன், கண் கலங்கி, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடச்சே, இந்த மனுஷனுக்கு இதைச் சொல்ல வேறு இடமே கிடைக்கவில்லையா? எனக்கு வந்த கோபத்தில் மனசுக்குள் எல்லாரையும் திட்டினேன், அவரை, சுருளியை, இந்தத் தம்பியை, கடைசியில் என்னை.

"இன்னும் நைசா விழணுமாம்ப்பா!" என்று கத்தினேன்.

"அம்புட்டுத்தானா?" என்று முத்துராஜா சிரித்தான். மிஷின் பக்கவாட்டில் இருந்த கைச்சக்கரத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினான். உள்ளே கல்லும் கல்லும் நெருங்கி, சத்தம் இன்னும் ஏறியது. துணிக்குழாயிலிருந்து மாவு சுடச்சுட இறங்க ஆரம்பித்தது. காதைப் பொத்த வழியில்லாமல் இரண்டு கையாலும் ஏனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.